வெர்லின் நிமிர்த்திய குறிமுள்

கைத்துப்பாக்கியால் அட்டையைச் சுடுகிறவன் மூன்று பொருள்களைப் பார்த்தாக வேண்டும். துப்பாக்கியின் பின்பக்கத்தில் இருக்கும் பிளவு, குழலின் நுனியில் நிற்கும் குறிமுள், அதற்கப்பால் ஐம்பது கெஜத்தில் இருக்கும் கறுப்பு வட்டம். குறிமுள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நகத்தளவு இரும்புத் தகடு. அதைப் பிளவின் நடுவில் நிறுத்தி வட்டத்தின் அடியில் வைத்து விசையை அழுத்த வேண்டும். இளவயதில் மூன்றும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி இருக்கும். நாற்பத்தைந்தைத் தாண்டினால் கண் ஏதாவது ஒன்றைத்தான் தரும். அந்த ஒன்று குறிமுள்ளாக இருக்க வேண்டும். வட்டம் மங்கினால் பிழைத்துக்கொள்ளலாம், முள் மங்கினால் குண்டு அட்டையிலேயே இருக்காது.

எங்கள் டன்னிங் க்ரீக் கிளப்பில் சனிக்கிழமை காலை வரிசையில் நிற்பவர்களில் அறுபதுக்குக் கீழே ஆளே கிடையாது. ஆகவே பேச்சில் பாதி கண்ணைப் பற்றித்தான். எமில் என்பவன் கண்ணாடியில் கறுப்பு டேப்பை ஒட்டி ஊசியால் ஓட்டை போட்டுக்கொண்டான். அந்த ஓட்டை வழியே பார்த்தால் முள்ளும் வட்டமும் இரண்டும் தெரிகிறதாம். இன்னொருவன் மனைவியின் நகச்சாயத்தை முள்ளின் நுனியில் பூசினான். நான் கண்ணாடிக் கடைக்காரரிடம் போய் நீட்டிய கையின் தூரத்துக்கு மட்டும் தெளிவாகத் தெரிகிற கண்ணாடி ஒன்று செய்துகொண்டேன். அதைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பவனின் முகத்தைப் பார்த்தால் கஞ்சி மாதிரி இருக்கும். சிலர் இதெல்லாம் வேண்டாமென்று துப்பாக்கி மேல் சிவப்புப் புள்ளி காட்டும் மின்சாரக் கருவியை மாட்டிவிட்டார்கள். வெர்லின் அவர்களைப் பார்த்து, டிவி பார்க்கிறதுக்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்பான்.

வெர்லின் ஸ்டௌஃபரும் நானும் கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஒரே ஷிப்டில் இருந்தவர்கள். அவன் வேலை இயந்திரங்களை நேர்ப்படுத்துவது. நீளமான சுழல்தண்டு ஒரு முனையில் தலைமயிரளவு இறங்கியிருந்தால் கருவி வைப்பதற்கு முன்பே அவன் கண் சொல்லிவிடும். பிறகு கருவி வைத்துப் பார்ப்பார்கள், அவன் சொன்னது சரியாக இருக்கும். ஊரில் யார் வீட்டில் கதவு மாட்டினாலும், வேலி போட்டாலும் வெர்லினைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்வது வழக்கம். அவன் பின்னால் நாலடி நகர்ந்து, தலையைச் சாய்த்து, "மேலே இடது பக்கம் ஒரு நூல்" என்பான். யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

இது தெரிந்திருந்தால்தான் பிறகு நடந்தது புரியும்.

அந்த வருஷம் வசந்தத்தில் கண் டாக்டர் அவனுடைய இரண்டு கண்களின் பின்புறத்திலும் தூசி தூசியாகப் புள்ளிகள் இருப்பதாகச் சொன்னார். வயதானால் வருவதுதான், இப்போதைக்கு உலர்ந்த நிலையில் இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டால் போதும். ஆனால் என்றைக்காவது அது ஈரமாக மாறலாம். அப்படியானால் கண்ணுக்குள்ளே ரத்தம் கசியும், நேர்க்கோடுகள் வளைந்து தெரியும். வளைந்து தெரிந்தால் அன்றைக்கே வர வேண்டும். ஊசி இருக்கிறது, காப்பாற்றலாம். சில வாரம் விட்டால் உள்ளே தழும்பு கட்டிவிடும், அதற்குப் பிறகு கடவுள் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் கதவு நிலையைப் பார்க்க வேண்டும், பிறகு மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டையும் திறந்துவைத்துப் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவன் மனைவி ரோவீனா. வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் ஊராருக்கு மீன் பொரித்துப் போடுவார்களே, அங்கே மேசையில் அவன் எதிரிலேயே சொன்னாள். அவன் காலையில் கதவைப் பார்ப்பதே இல்லை என்றும் சொன்னாள்.

"வாரத்துக்கு மூணு நாள் இடது கண்ணை மறைச்சுக்கிட்டு ஒரு கோட்டை உத்துப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்" என்றான் வெர்லின், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன் கதவை விட அது நல்ல பரீட்சைதான்."

அது நியாயமாகத்தான் பட்டது. சுடும்போது நாங்கள் குறிபார்க்காத கண்ணுக்கு முன்னால் ஒரு அட்டைத் துண்டைத் தொங்கவிட்டுக்கொள்வோம். ஆகவே வெர்லின் தன் வலது கண்ணை, அதைத் தனியாக, மற்ற எவரையும்விட அதிகமாகச் சோதித்துக்கொண்டிருந்தான். அந்த வலது கண்தான் அவனுக்கு எல்லாம். அதை வைத்துத்தான் படிப்பான், வண்டி ஓட்டுவான். இடதில் ஏற்கெனவே கொஞ்சம் புரை விழுந்திருந்தது. அதை அவன் மாற்றுச் சக்கரம் என்பான்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, முதல் சுற்று முடிந்து அட்டைகளைப் பார்க்கப் போனோம். வெர்லினுடைய குண்டுகள் நாலாபக்கமும் சிதறியிருந்தன. திரும்பி வந்ததும் ரிவால்வரைக் காலி செய்து மேசையில் வைத்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி எடுத்துப் பார்த்தான்.

"முள் வளைஞ்சிருக்கு" என்றான்.

எமில் வாங்கிப் பார்த்துவிட்டு நேராகத்தான் இருக்கிறது என்றான். உன் ஊசி ஓட்டை வழியாகப் பார்த்தால் உன் பெண்டாட்டிகூட நேராகத்தான் தெரிவாள் என்று வெர்லின் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ரிவால்வர் கைமாறி என்னிடம் வந்தது. நான் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. ஆனால் சொன்னவன் வெர்லின். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்ததில் எனக்கே அது இடது பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்கிற மாதிரி தோன்ற ஆரம்பித்தது.

அவன் அதைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஹார்லனிடம் கொண்டுபோனான். ஹார்லன் எஃகு அளவுகோலை முள்ளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வெர்லின், அளவுகோலையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, அளவுகோலும் கோணல் என்றான். ஹார்லன் பொறுமைசாலி. வேறு முள் வரவழைத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். அது வந்து சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆயிற்று. புதிய முள்ளும் அதே இடத்தில், அதே பக்கம், அதே அளவு வளைந்திருந்தது.

வேறு யாராவது இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார்கள். ஆனால் வாழ்நாள் முழுக்க இயந்திரத்தில்தான் கோளாறு, தன் கண்ணில் இல்லை என்று பார்த்துப் பழகியவன் அவன். முள் உட்காரும் பள்ளத்தைத் தொழிற்சாலையிலேயே கோணலாக வெட்டியிருக்கிறார்கள், அதில் எந்த முள்ளை வைத்தாலும் கோணலாகத்தான் நிற்கும் என்று முடிவு கட்டினான். காரணம் தெளிவாக இருந்தது. வீட்டுக் கதவு நேராக இருந்தது. சாலை நேராக இருந்தது. ரோவீனாவின் திரைச்சீலை, தபால்பெட்டிக் கம்பம் எல்லாம் நேராக இருந்தன. உலகத்திலேயே அந்த முள் ஒன்றுதான் வளைந்திருந்தது. உலகத்திலேயே அந்த ஒன்றைத்தான் அவன் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

நடுவில் ஒரு வாரம் அவன் நன்றாகக்கூடச் சுட்டான். புதிதாக ஒரு வழி கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னான். முள்ளை நேரே பார்க்காமல் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி, காற்றைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். அப்போது முள் ஓரத்தில் தெளிவாக வந்து நிற்கும். மற்றக் கிழவர்கள் சுற்றி நின்று கேட்டுக்கொண்டார்கள். எமில் அன்று காலை முழுக்க அந்த முறையில் முயன்று இரண்டு குண்டுகளைப் பக்கத்து ஆளின் அட்டையில் போட்டான். பக்கத்து ஆள் நன்றி சொன்னான். கண்ணின் நடுப்பகுதி செத்துக்கொண்டிருப்பவன் ஓரத்தால் பார்க்கக் கற்றுக்கொள்கிறான். அதைத்தான் நாங்கள் வித்தை என்று பயின்றுகொண்டிருந்தோம்.

ஆகஸ்டு நடுவில் வெர்லின் சந்தோஷமாக வந்தான். மான் இறைச்சித் தொத்திறைச்சியை நறுக்கி ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தான், எல்லோருக்கும் கொடுத்தான். என்னை மட்டும் மேசைக்குக் கூப்பிட்டு ரிவால்வரின் உருளையைத் திறந்து காலி என்று காட்டிவிட்டு, கைப்பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினான்.

"பாரு. ஹார்லனுக்கு முடியாததை நானே முடிச்சேன். பட்டறைப் பிடியில வச்சு, பித்தளைச் சுத்தியால தட்டி, ஒரு பக்கம் அரம் போட்டேன். ராத்திரி தூங்கவே இல்லை. இப்பத்தான் ஒழுங்கா நிக்குது."

நான் வெளிச்சத்தை நோக்கி நீட்டிப் பார்த்தேன். முள்ளின் மேல்பாதி வலது பக்கம் மடங்கியிருந்தது. ஒரு நூல் இரண்டு நூல் இல்லை. குழந்தை பார்த்தாலும் சொல்லும். இடுப்பில் அரம் தின்று மெலிந்து, தலை சாய்ந்து, ஏதோ காற்றில் வளைந்த நாற்று மாதிரி நின்றது.

 டாக்டர் சொன்னது, மீன் மேசையில் ரோவீனா சொன்ன வார்த்தைகளிலேயே, அப்போது என் காதில் ஒலித்தது: நேர்க்கோடுகள் வளைந்து தெரியும்.

"வெர்லின், இது கோணலா இருக்குடா" என்றேன்.

"உன் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருடா. கைத்தூரத்துக்குச் செஞ்ச கண்ணாடியில..."

"கைத்தூரத்துலதான் பார்க்கிறேன். வலது பக்கம் மடங்கிக் கிடக்கு. எமிலைக் கூப்பிடட்டுமா?"

அவன் என்னிடமிருந்து அதைப் பிடுங்கி, இடது கண்ணுக்கு முன்னால் அட்டைத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை நீட்டிப் பார்த்தான். நேராக இருக்கிறது என்று அவன் முகமே சொன்னது. நான் அவன் கையிலிருந்து ரிவால்வரை வாங்கி மேசையில் வைத்தேன். கொடிக்கம்பத்தைப் பார்க்கச் சொன்னேன். எங்கள் கொடிக்கம்பம் வாகனங்கள் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் நிற்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அதை நட்டபோது நேர் பார்த்துச் சொன்னதே வெர்லின்தான்.

அட்டைத் துண்டை விலக்காமலே அவன் திரும்பிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"யாரு வண்டியை விட்டு மோதினது?" என்றான்.

நான் கையை நீட்டி அந்த அட்டைத் துண்டை மேலே தூக்கிவிட்டேன். இரண்டு கண்ணாலும் பார்த்தான். மறுபடி தானே அதை இறக்கினான், தூக்கினான், இறக்கினான். வரிசையில் எவனோ அடுத்த சுற்றுக்குத் தயாரா என்று கேட்டுக்கொண்டிருந்தான். வெர்லின் கிளப் கதவைப் பார்த்தான், வண்டிகளின் வரிசையைப் பார்த்தான், கடைசியில் என் முகத்தைப் பார்த்தான். ஒற்றைக் கண்ணில் என் முகம் எப்படித் தெரிந்ததோ, சொல்லவில்லை.

"எத்தனை நாளாச்சு, ஆர்வில்?" என்று கேட்டான்.

எனக்கு அது தெரியும். ஹார்லனுக்கும் தெரியும். கிளப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அவனுடைய வண்டியை நானே ஓட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய் ரோவீனாவை ஏற்றிக்கொண்டு, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒன்றரை மணி நேரம். வழியில் அவன் சாலை ஓரக் கம்பங்களை ஒவ்வொன்றாகக் கையால் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்தபடியே வந்தான். ரோவீனா ஒருதரம் அவன் கையைப் பிடித்து மடியில் வைத்தாள். அது மறுபடி மேலே போயிற்று.

கண்ணின் உட்புறத்தைப் படமெடுத்துத் திரையில் காட்டினார்கள். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. மருத்துவர் சின்ன வயதுப் பெண். மிகவும் தன்மையாகத்தான் பேசினாள். தழும்பு கட்டிவிட்டது, நடுப்பார்வை திரும்ப வராது, ஓரத்தைக் காப்பாற்ற மாதம் ஒரு ஊசி போடலாம் என்றாள். முதலில் எப்போது வளைவு தெரிந்தது என்று கேட்டாள். இன்றைக்குத்தான் என்றான் வெர்லின்.



"ஜூலையிலே" என்றாள் ரோவீனா மருத்துவரிடம். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அந்தத் தகட்டை ரெண்டு தடவை கொண்டுபோய்க் காட்டினே. கண்ணை ஒரு தடவை காட்டலை."

அதற்கு மேல் அவள் அதைப் பற்றி என்றைக்கும் பேசியதாக எனக்குத் தெரியாது.

செப்டம்பரில் அவன் ஒருநாள் கிளப்புக்கு வந்தான், நான்தான் அழைத்து வந்தேன். இடது கண்ணால் சுடப் பார்த்தான். தலையை எவ்வளவு திருப்பினாலும் புரை விழுந்த கண்ணில் முள் புகைக்குள் நின்றது. எமில் தன் சிவப்புப் புள்ளிக் கருவியை இரவல் தருவதாகச் சொன்னான். ஆம், எமிலும் அதற்குள் ஒன்று வாங்கியிருந்தான். வெர்லின் அவனைக் கேலி செய்யவில்லை.  நாலு குண்டு சுட்டுவிட்டு ரிவால்வரை மேசையில் வைத்தான். அதற்கப்புறம் அவன் வரவில்லை.

ரிவால்வரை விற்றுத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தான். ஹார்லன் வேறு முள் போட்டுத் தந்தார். கழற்றிய முள்ளை என்ன செய்வது என்று கேட்டார். குப்பையில் போட மனம் வராமல் நான் அதைச் சட்டைப் பையில் போட்டு வந்தேன். ரோவீனா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் அதை ஒரு கார்க்கில் செருகிச் சமையலறை ஜன்னல் விளிம்பில், வெள்ளைத் தட்டு ஒன்றைப் பின்னால் சாய்த்து, நிறுத்தி வைத்தாள். இடது கண்ணின் புரையைக் குளிர் ஆரம்பிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். ஆகவே அந்தக் கண்ணில் இப்போது கைத்தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிந்தது. ஆனால் அதன் பின்புறத்திலும் அதே புள்ளிகள் இருந்தன. கதவு நிலையைப் பார்த்து நேராக இருக்கிறது என்று சொல்வது அவனுக்கு நாக்கில் ஏறிவிட்ட வார்த்தை, பார்க்காமலே சொல்லிவிடுவான். ரோவீனாவுக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. கோணலாக இருக்கிற ஒன்றைக் காட்டி, கோணல் என்று அவன் வாயால் சொன்னால் நம்பலாம் என்று நினைத்தாள். காலையில் காபி போட்டதும் அவனை ஜன்னலுக்கு எதிரில் உட்கார்த்தி, வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடுவாள். எப்படி இருக்கு என்பாள். வலது பக்கம் மடங்கியிருக்கு என்பான். சரி என்று கையை எடுப்பாள். பிறகுதான் ரொட்டி.

நான் சனிக்கிழமைகளில் சுடப் போகும் வழியில் அங்கே நின்று காபி குடித்துவிட்டுப் போவேன். ஜனவரியில் அவன் என்னிடம் பேசும்போது என் காதைப் பார்த்துப் பேசினான். ரோவீனாவிடம் பேசும்போது அவள் தோளைப் பார்த்தான். அப்படித் தள்ளிப் பார்த்தால்தான் முகம் தெரிகிறது என்றான். கிளப்பில் நாங்கள் கற்றுக்கொண்ட அதே வித்தை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. வெளியே பனி முழங்கால் அளவு கிடந்தது. நான் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ரோவீனா அவன் பின்னால் நின்று வலது கண்ணை மூடினாள், எப்படி இருக்கு என்று கேட்டாள். அவன் ஜன்னல் பக்கம் சாய்ந்து, கார்க்கைக் கையில் எடுத்து, அருகில் கொண்டுவந்து, தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பினான்.

"வலது பக்கம் மடங்கியிருக்கு" என்றான்.

ரோவீனா கையை எடுக்கவில்லை. அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். நான் இருந்த இடத்திலிருந்தே எனக்கும் தெரிந்தது. அவனுடைய பெருவிரல் முள்ளின் மேல் இருந்தது. மெலிந்த இடுப்பிலிருந்து சாய்ந்த தலைவரை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது. அவன் விரலால் பார்த்துச் சொல்லியிருக்கிறான்.

"கீழே வை, வெர்ல்" என்றாள் ரோவீனா. "தொடாமப் பாரு."

அவன் அதைத் தட்டுக்கு முன்னால் வைத்துவிட்டுக் கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் பார்த்தான். காபிப் பாத்திரம் அடுப்பில் சீறியது, அவள் அதை அணைக்கப் போகவில்லை.

"நேரா இருக்கு" என்றான்.

நான் மறுபடி பூட்ஸை மாட்டிக்கொண்டு அவன் வண்டிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்தேன்.